தினமும் பார்த்த மீட்டர்

மாதத்துக்கு ஒரு தடவை பார்க்க வேண்டிய மின்சார மீட்டரைத் தினமும் நின்று பார்த்தால் ஊர் வாய் சும்மா இருக்குமா? அதுவும் தனியாக இருக்கும் தையல்காரம்மா வீட்டு மீட்டரை!

மீட்டர் கணக்கெடுப்பவருக்கு அந்தம்மா முகம்கூடச் சரியாகத் தெரியாது. பஸ்ஸை விட்டு இறங்கி அலுவலகத்துக்கு நடந்தால், சொல்லி வைத்தாற்போல் அந்தச் சுவர் அருகே கெண்டைக்கால் இறுக்கிப் பிடித்துக்கொள்ளும். கொஞ்சம் நின்றால் விட்டுவிடும். சும்மா நிற்கக் கூச்சம், அதனால் மீட்டரைப் பார்ப்பார். அவர் அண்ணனுக்கும் இப்படித்தான் ஆரம்பித்தது, கடைசியில் முழங்காலுக்குக் கீழே காலையே எடுத்துவிட்டார்கள். ஊர் என்ன வேண்டுமானாலும் பேசட்டும், டாக்டர் கையில் கத்தியைக் கொடுப்பதில்லை என்று வாயைத் திறக்காமல் இருந்தார்.

ஊர்ப் பேச்சு காதில் விழுந்து, ஒருநாள் அடுத்த பஸ்ஸிலேயே மனைவி வந்து இறங்கினாள்.

"என்னங்க, இன்னுமா கணக்கெடுத்து முடியல?"

பதறி நடக்கப் பார்த்தார். கால் வரவில்லை. அப்படியே அந்த வீட்டுப் படியில் உட்கார்ந்து அழுதுவிட்டார்.

"கால் வலிக்குதுடி. அண்ணனுக்கு மாதிரி எடுத்துடுவாங்க."

"அட பாவி மனுஷா! நான் வேற என்னமோன்னு நெனச்சு நெஞ்சு வெந்து கிடந்தேனே!" என்று திட்டிக்கொண்டே அவர் காலைப் பிடித்துவிட்டாள்.

மறுநாள் டாக்டர், அவருடைய கையிலும் கணுக்காலிலும் பட்டை சுற்றி ரத்த அழுத்தம் பார்த்தார்.

"காலுக்குப் போற ரத்தக்குழாய் அடைச்சிருக்கு. சிகரெட்டை இன்னைக்கே விடணும். மாத்திரைய விடக்கூடாது. வலி நல்லா வர்ற வரைக்கும் நடங்க, நில்லுங்க, விட்டதும் மறுபடி நடங்க."

"கால் போயிடுமா சார்?"

"ஒழுங்கா பாத்துக்கிட்டா பெரும்பாலானவங்களுக்குப் போறதில்ல. காலைவிட உங்க இதயத்த நெனச்சுதான் எனக்குப் பயம், அங்கேயும் இப்படி அடைக்கலாம். நடையும் மாத்திரையும் ரெண்டுக்குமே நல்லது."

சிகரெட்டை விட்ட புதிதில் மனிதர் எரிந்து எரிந்து விழுந்தார். வீட்டில் அவரிடம் பேச யாருக்கும் தைரியமில்லை. ஆனாலும் தினமும் சாயங்காலம் மனைவி அவரை இழுத்துக்கொண்டு நடந்தாள். அவர் நின்றால் அவளும் நின்றாள்.

சில மாதம் கழித்து, பாலத்து ஏற்றத்தில் பின்னாலிருந்து குரல் வந்தது.

"ஏங்க, கொஞ்சம் நில்லுங்க. எனக்கு மூச்சு வாங்குது."

திரும்பிப் பார்த்தார். அவள் கைப்பிடிச் சுவரில் சாய்ந்து நின்றாள். வலி எப்போது வருமோ என்று பயந்து பயந்து நடந்தவர், அது இன்னும் வரவில்லை என்பதை அப்போதுதான் கவனித்தார்.