ராஜா தூங்கும் நேரம்

ராஜா மதியம் தூங்குவார். அவர் தூங்குவதற்காக நாங்கள் அரண்மனைப் பழத்தோட்டத்தில் கிளி ஓட்ட வேண்டும். வீட்டுக்கு ஒரு ஆள், அறுபது நாள், கூலி கிடையாது. அதற்கு வெட்டி என்று பெயர். என் வீட்டுக்காரரை ஏற்கெனவே கோட்டைக்குக் கல் சுமக்கக் கொண்டுபோயிருந்தார்கள். "அது மதில் கணக்கும்மா, இது தூக்கக் கணக்கு" என்றார் கண்காணி. எந்நேரமும் கொட்டாவி விடுவதால் அவருக்குப் பெயரே கொட்டாவி.

வாயைத் திறந்து 'சூ' என்றால் சவுக்கடி. மூங்கில் கழியில் துணியைக் கட்டிச் சத்தமில்லாமல் வீச வேண்டும். வெயிலில் கண் சொருகும். துணி மேலே போய் மெல்ல இறங்கும். கிளிகளும் உத்தரவு தெரிந்தவை போலக் கத்தாமல் எழுந்து, மதிலைத் தாண்டிக் கிழக்கே மிதந்து போகும். நான் விழித்திருக்கிறேனா, தூங்கிக்கொண்டே நடக்கிறேனா என்று எனக்கே தெரியாது. ஒரு நொண்டிக் கிளி மட்டும் எப்போதும் கடைசியாகக் கிளம்பும். 'போய்த் தொலையேன், சனியனே' என்று மனசுக்குள் திட்டுவேன்.

நினைப்பெல்லாம் எங்கள் சோளக்காட்டில்தான். கதிர் முற்றும் நேரம், காவலுக்கு ஆளில்லை. எங்களுக்கு வருஷச் சாப்பாடே அதுதான்.

இருபதாம் நாள், தன் முறை முடிந்திருந்த நாத்தனார் எனக்குப் பதிலாக நின்றாள். காட்டுக்கு ஓடினேன். பாதிக் கதிர் வெறும் சக்கை. மீதியின் மேல் பச்சையாய் ஒரு கூட்டம். நடுவில், ஒற்றைக் காலில், அந்த நொண்டி.

இத்தனை நாளும் நானே வீசி வீசி என் காட்டுக்கு அனுப்பியிருக்கிறேன்!

மறுநாள் தோட்டத்தில் கழியைக் கீழே போட்டேன்.

"ஏய், கிறுக்கா உனக்கு?" கொட்டாவி கிசுகிசுத்தார்.

"இங்கயே தின்னட்டும்! பழம் ராஜாவோடதுதானே!" வாய்விட்டே கத்தினேன்.

மரமெல்லாம் ஒரே கீச்சுச் சத்தம். மேல்மாடி ஜன்னல் திறந்தது. என் உயிர் என்னிடம் இல்லை.

ராஜா கண்ணைக் கசக்கிக்கொண்டு வெகுநேரம் பார்த்தார். பிறகு குழந்தை மாதிரி சிரித்தார். "அடடா, எவ்வளவு அழகா இருக்கு! இதுங்க தினமும் வரட்டும்."

அப்பாடா, பிழைத்தோம் என்று அங்கேயே உட்கார்ந்துவிட்டேன்.

சாயங்காலமே புது உத்தரவு வந்தது. கிளிகளுக்குத் தீனியாக வீட்டுக்கு இரண்டு மூட்டை சோளம். கையாலேயே ஊட்டவும் வேண்டுமாம். எங்கள் காட்டில் மிஞ்சியதை அறுத்தாலே இரண்டு மூட்டைதான் தேறும்.

அறுப்பு முடிந்து, அதே மரத்தடியில் கையை நீட்டிக்கொண்டு நின்றேன். எப்போதும் கடைசியாகக் கிளம்பும் நொண்டி, இப்போது முதலில் வந்தது. என் உள்ளங்கையில் உட்கார்ந்து என் சோளத்தைத் தின்றது.