ஆளில்லாப் படகின் ஆள்

அண்ணிக்குக் கோபம் வந்தால் செருப்பை நேராகக் கழற்றிவிடத் தெரியாது. அன்றைக்கு ஒன்று படியில் கிடந்தது, இன்னொன்று பூந்தொட்டிக்குள் கிடந்தது.

"இந்த 'ஆளில்லாப் படகு'ங்கிற பேரை எந்த மகராசன் வெச்சான்?" என்று கேட்டுக்கொண்டே உள்ளே வந்தார்.

நீர்த்தேக்கத்தின் ஆழத்தை அளக்கும் சின்னப் படகு அது. எட்டு வருடமாக அண்ணிதான் அதைக் கரையில் நின்று ரிமோட்டில் ஓட்டுகிறார். தலைமை ஓட்டுநர் பதவிக்கு ஆயிரம் மணி நேரம் படகு ஓட்டியிருக்க வேண்டும். அவரிடம் அதற்கு மேலேயே இருந்தது. ஆனாலும் மேலாளர் விண்ணப்பத்தைத் திருப்பிவிட்டார். கையேட்டிலேயே ஆளில்லாப் படகு என்று போட்டிருக்கிறது, ஆளில்லாத படகில் உங்களுக்கு ஏது ஓட்டிய நேரம் என்று கேட்டாராம். வெள்ளிக்கிழமைக்குள் சரியான பதில் தராவிட்டால் பதவி வேறொருவருக்குப் போய்விடும்.

நான் அண்ணி வேலை பார்க்கும் அதே நிறுவனத்துக்குக் கையேடுகள் மொழிபெயர்க்கிறவன். ஒரு சொல் எங்கிருந்து வந்தது என்று யாராவது கேட்டுவிட்டால் எனக்குச் சோறு இறங்காது. அகராதிகளை இழுத்துப் போட்டுக்கொண்டு இந்த மாதிரிக் கருவிகளைச் சொல்லும் 'ட்ரோன்' என்ற ஆங்கிலச் சொல்லிலிருந்து ஆரம்பித்தேன்.

"ஆங்கிலத்துல அது ஆண் தேனீயோட பேரு அண்ணி. அது மாதிரி இரையுறதால வந்த பேருன்னு சிலர் சொல்றாங்க. வேற கதையும் இருக்கு."

"ஆண் தேனீ கூட்டுல ஒரு துரும்பையும் கிள்ளிப் போடாதாமே? அப்போ அந்தப் பேரு உங்க அண்ணனுக்குத்தான் பொருந்தும். என் படகோட பேருக்கு வா."

வியாழக்கிழமை நிறுவனத்தின் பழைய கோப்பு அறையில் தூசியோடு தூசியாக உட்கார்ந்தேன். பழைய கடிதங்கள் எல்லாவற்றிலும் 'கரையிலிருந்து ஓட்டும் படகு' என்றே இருந்தது. 'ஆளில்லா' முதன்முதலாகத் தலைகாட்டியது முதல் கையேட்டின் கைப்பிரதியில். கையெழுத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். அது என்னுடையது.

மூலத்தில் வெறும் மாதிரி எண்தான் இருந்திருக்கிறது. அப்போது நான் படகை நேரில் பார்த்ததுகூட இல்லை. அட்டைப் படத்தில் தண்ணீரும் காலிப் படகும் தெரிந்தன, அதைப் பார்த்துப் பெயர் வைத்துவிட்டேன். பிரமாதமான சொல் என்று என் முதுகை நானே தட்டிக்கொண்டதும் நினைவுக்கு வந்தது.

கோப்பில் அந்தப் படத்தின் முழுப் பிரதியும் இருந்தது. இடது ஓரத்தில், முழங்கால் சேற்றில், கழுத்தில் ரிமோட் பெட்டியோடு தொப்பி போட்ட ஒரு பெண் நிற்கிறாள். அவளுக்கும் படகுக்கும் நடுவில் பென்சில் கோடு. பக்கத்தில் என் கையெழுத்து: 'இதை வெட்டவும். தலைப்புக்கு இடம் வேண்டும்.'

அது அண்ணிதான். அப்போது அவர் அண்ணனைக் கட்டிக்கொண்டு எங்கள் வீட்டுக்கு வந்திருக்கவில்லை. ஆனாலும் எனக்கு வெட்கமாக இருந்தது.

சாயங்காலம் படத்தையும் மேலாளருக்கு நான் எழுதிய கடிதத்தையும் அண்ணியிடம் கொடுத்தேன். படத்தை வெகுநேரம் பார்த்தார்.

"நான் படகு ஓட்டின முதல் நாள் எடுத்தது. யார் வெட்டினது?"

"நான்தான் அண்ணி."

கடிதத்தை எடுத்து வாசித்தார். "'கையேட்டில் ஒரு தவறு நேர்ந்துவிட்டது.' தானாவா நேர்ந்துச்சு?"

"என் பேரைப் போட்டா வேலைக்கே உலை வெச்சிடுவாங்க."

"அப்போ இதுலயும் ஆள் இல்லை?"

பேனாவை எடுத்தேன். அந்த வரியை அடித்துவிட்டு, 'படகுக்குத் தவறான பெயர் வைத்தவனும், படத்திலிருந்து ஓட்டுநரை வெட்டச் சொன்னவனும் நானே' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.