ஐந்தாவது முகவரி

அவளை அலுவலகத்தில் எல்லோரும் ‘டிகிரி’ என்றுதான் கூப்பிடுவார்கள். படித்து வாங்கிய பட்டத்துக்காக அல்ல. எந்நேரமும் வெப்பநிலையோடு மல்லுக்கட்டுகிறவள் என்பதற்காக. மருந்து வைக்கும் குளிர் அறைகளுக்குக் கட்டுப்பாட்டுக் கருவி செய்கிற சின்ன நிறுவனம் அது. கருவிக்குள் ஓடும் இயங்குதளத்தின் மையம் கெர்னல். எந்த சென்சார் எந்த முகவரியில் இருக்கிறது, அதன் பெயர் என்ன, எத்தனை டிகிரியைத் தாண்டினால் அலற வேண்டும் என்று அதற்கு ஒரு கோப்பில் எழுதிக் கொடுப்பது அவள் வேலை. கெர்னல் தானாகப் போய்த் தேடிக்கொள்ளாது. எழுதிக் கொடுத்தால் உண்டு, இல்லாவிட்டால் இல்லை.

கருவிக்குள் இருக்கும் மின்சுற்றுப் போர்டோடு இணைந்தவை நான்கு சென்சார்கள்: கம்ப்ரஸர், கதவு, மேல்தட்டு, கீழ்த்தட்டு. ஒரு செவ்வாய்க்கிழமை காலை, எழுதுவதற்கு முன் எத்தனை முகவரிகள் பதில் சொல்கின்றன என்று பார்த்தாள். ஐந்து. கடைசியாக 4F.

போர்டுக்கு சால்டர் வைக்கும் அண்ணனிடம் எடுத்துப் போனாள். அவர் பூதக்கண்ணாடியை வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“நாலுதான்மா வெச்சேன். அஞ்சாவது வெக்க இடமே இல்லையே. கம்பி எங்கயாவது உரசுதோ என்னவோ.”

கம்பிகளை மாற்றிப் பார்த்தார்கள். நான்கு சென்சார்களையும் கழற்றியும் பார்த்தார்கள். நான்கும் அடங்கின, 4F மட்டும் பதில் சொல்லிக்கொண்டே இருந்தது. சரி, என்னதான் சொல்கிறது பார்க்கலாம் என்று கோப்பில் ஐந்து வரிகள் சேர்த்தாள். பெயர் கேட்கும் இடத்தில் ‘யாரோ’ என்று விளையாட்டாக எழுதினாள்.

36.6. மனித உடம்பின் சூடு.

“ஜுரம் இல்ல, நல்லாத்தான் இருக்கு,” என்றார் அண்ணன். சிரித்தார்கள்.

இரண்டு நாளில் சிரிப்பு நின்றுவிட்டது. காலையில் 36.3, மாலையில் 37.0. ஏசியைக் கூட்டினாலும் குறைத்தாலும் அது அசையவில்லை. மதியம் ஒரு மணி சுமாருக்கு, யாரோ சாப்பிட்டுவிட்டுக் கண்ணயர்ந்தது போல, கொஞ்சம் இறங்கிப் பிறகு ஏறியது. டிகிரி அதைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். வேலை ஓடவில்லை.

திங்கட்கிழமை காலை 38.2. பதினொரு மணிக்கு 39.4.

டிகிரி உடனே அம்மாவுக்குப் போன் போட்டாள். “எனக்கென்ன, கல்லு மாதிரி இருக்கேன். நீ சாப்டியா?” என்றாள் அம்மா. முதலுதவிப் பெட்டியிலிருந்த தெர்மாமீட்டரை எடுத்துத் தன் அக்குளில் வைத்துக்கொண்டாள். 36.7. அண்ணனுக்கு வைத்தாள், கணக்கருக்கு வைத்தாள், மேனேஜர் அறைக்குள்ளும் போனாள். “என்னம்மா, ஆபீஸை ஆஸ்பத்திரி ஆக்கிட்டியா?” என்று சிடுசிடுத்தபடி அவரும் கையைத் தூக்கினார். யாருக்கும் இல்லை.

மாடிப்படியின் கடைசித் திருப்பத்தில், துடைப்பத்தைச் சுவரில் சாய்த்துவிட்டு, துப்புரவு வேலை செய்யும் அக்கா உட்கார்ந்திருந்தாள். அந்த வெக்கையிலும் சால்வை போர்த்தியிருந்தாள்.

“ஒண்ணுமில்ல கண்ணு. வெயில்ல நடந்து வந்தேன், அதான்.”

தெர்மாமீட்டர் 39.4 காட்டியது. பாதத்தில் ஆணி குத்திய காயம் வீங்கிக் கறுத்திருந்தது. ஒருவரிடமும் மூச்சு விடாமல் நான்கு நாட்களாக அதோடு மாடி ஏறி இறங்கியிருக்கிறாள்.

மருத்துவமனையில் நர்ஸ் ஊசி போட்டு ஒரு மணி நேரம் கழித்து ஜுரம் பார்த்தாள். டிகிரி வராந்தாவிலிருந்து அண்ணனுக்குப் போன் செய்தாள்.

“இப்ப எவ்வளவு காட்டுது?”

“முப்பத்தெட்டு புள்ளி ஆறு. ஏம்மா?”

உள்ளேயிருந்து நர்ஸ் சொன்னாள்: “முப்பத்தெட்டு புள்ளி ஆறு. இறங்குது.”

இன்னும் இரண்டு நாள் விட்டிருந்தால் காலை எடுக்க வேண்டி வந்திருக்கும் என்றார் டாக்டர்.

இரண்டு வாரம் கழித்து அக்கா வேலைக்குத் திரும்பினாள். டிகிரி அவளை மேசைக்குக் கூட்டிப்போய்த் திரையைக் காட்டினாள். 36.8. மேனேஜர் அந்த வரிகளை நீக்கச் சொல்லியிருந்தார். வாங்குகிறவர்கள் கேட்டால் என்ன பதில் சொல்வது? “நீக்கட்டுமா அக்கா?” என்றாள்.

அக்கா குனிந்து எண்ணைப் பார்த்தாள். பயந்தவளாகத் தெரியவில்லை.

“இருக்கட்டும் கண்ணு. எனக்கு ஜுரம்னு வேற யாருக்குத் தெரிஞ்சுது?”

டிகிரி விற்பனைக்குப் போகும் கருவிகளின் கோப்பிலிருந்து மட்டும் அவற்றை எடுத்துவிட்டு, அந்தப் போர்டைத் தன்னிடமே வைத்துக்கொண்டாள்.

அடுத்த மாதம் புதிய போர்டுகள் வந்தன. முதல் போர்டுக்கு மின்சாரம் கொடுத்ததும் 4F பதில் சொன்னது. அவள் ஐந்து வரிகளையும் சேர்த்தாள்.

34.1.

பத்து நிமிடத்துக்கொரு முறை குறைந்தது. 33.9. 33.7. தெர்மாமீட்டர் மறுபடி எல்லோர் அக்குளுக்கும் போனது. இந்த முறை ஒருவரும் கேலி பேசவில்லை. பழைய போர்டு 36.7 என்றது, அக்காவுக்கும் அதேதான். அவரவர் வீட்டுக்குப் போன் போட்டார்கள். பிள்ளைகள், தம்பி, மாமியார், தூரத்து ஊரிலிருந்த சித்தப்பா வரை எல்லோரும் நன்றாகத்தான் இருந்தார்கள். எண் பாட்டுக்கு இறங்கியது.

“எங்க இருக்காங்கன்னாவது அது சொல்லக் கூடாதா?” என்றார் அண்ணன்.

டிகிரி மின்சார வயரைப் பிடுங்கக் கை நீட்டினாள். அக்கா அந்தக் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“வேணாம். யாராயிருந்தா என்ன. தனியா விட்டுட்டுப் போகாதீங்க.”

நாற்காலிகளை இழுத்துப் போட்டு மூவரும் போர்டைச் சுற்றி உட்கார்ந்தார்கள். மேனேஜர் கதவருகே வந்து நின்றார், விளக்கைப் போட்டுவிட்டுப் போனார். இரவு அவர்கள் எழும்போது எண் 29.8. இன்னும் இறங்கிக்கொண்டுதான் இருந்தது.

மறுநாள் காலை 26.4. அறையின் வெப்பமும் அதுதான். போர்டை அணைத்துத் திரும்ப இயக்கினாள். 4F பதில் சொல்லவில்லை. நான்குதான்.

ஆனாலும் அந்த வரிகளை அவள் நீக்கவில்லை. ஒவ்வொரு முறையும் மின்சாரம் கொடுத்ததும் கெர்னல் அந்த முகவரியைக் கூப்பிட்டுப் பார்க்கிறது, பதில் இல்லை என்று ஒரு வரி எழுதிவிட்டு, அடுத்த வேலைக்குப் போகிறது.