ஆர்விலுக்குத் தனி டப்பா

நான் போர்பன் உருண்டை செய்ய ஆரம்பித்து இருபத்திரண்டு வருடமாகிறது. பள்ளிப் பேருந்து ஓட்ட ஆரம்பித்தும் அவ்வளவுதான். இரண்டில் எதில் நான் கெட்டிக்காரி என்று எங்கள் டிப்போவில் கேட்டால், யோசிக்காமல் உருண்டை என்பார்கள். பேருந்தை இரண்டு தடவை கம்பத்தில் இடித்திருக்கிறேன். உருண்டை ஒரு தடவைகூட உதிர்ந்ததில்லை.

நவம்பர் கடைசியில் நன்றி சொல்லும் நாளின் வான்கோழி விருந்து முடிந்த மறுநாளே வேலை தொடங்கிவிடும். பீக்கன் பருப்பைப் பொடியாக நறுக்கி ஜாடியில் போட்டு, முழுகும் அளவுக்கு போர்பன் விஸ்கியை ஊற்றி மூடிவைப்பேன். பத்து நாள் ஊறிப் பருத்த பிறகு வெண்ணெயும் மாவுச் சர்க்கரையும் சேர்த்துப் பிசைந்து, நெல்லிக்காய் அளவுக்கு உருட்டி, கார் நிறுத்தும் கொட்டகைக் குளிரில் இறுகவிட்டு, உருக்கிய கருப்பு சாக்லேட்டில் முக்கி எடுப்பேன். ஈரம் காய்வதற்குள் தலையில் ஒரு பாதிப் பருப்பைப் பதிக்க வேண்டும். அடுப்புக்கு வேலை சாக்லேட்டை உருக்குவதோடு சரி. உருண்டையைச் சுடுவதோ வேகவைப்பதோ கிடையாது. ஊற்றிய சரக்கு அப்படியே உள்ளே இருக்கும்.

எங்கள் கவுன்ட்டியில், அதாவது மாவட்டத்தில், மது விற்கக் கூடாது. கென்டக்கியில் பாதி உலகத்துக்கு போர்பன் காய்ச்சுகிறார்கள், எங்களுக்கு மட்டும் எல்லை தாண்டிப் போனால்தான் பாட்டில். வாங்கி வந்து துணி துவைக்கும் சோப்புப் பெட்டிக்குப் பின்னால் வைப்பேன். எங்கள் சர்ச்சில் எல்லா வீட்டிலும் அது அங்கேதான் இருக்கும். மதுவை மோந்துகூடப் பார்க்காத பெண்கள் என் உருண்டையை ஏழெட்டு உள்ளே தள்ளிவிட்டு, "இதுல என்னடி போடற வோண்டா, இப்படி மணக்குது?" என்பார்கள். வெண்ணெய் என்பேன். நம்பியதுபோல் தலையாட்டிவிட்டு இன்னொன்று எடுப்பார்கள்.

கிறிஸ்துமஸ் விடுமுறைக்கு முந்தின கடைசி வேலைநாளில், காலை நடை முடிந்ததும், டிப்போவில் ஓட்டுநர்கள் ஒவ்வொருவருக்கும் ஒரு தகர டப்பா கொடுப்பேன். எல்லாவற்றுக்கும் ஒரே பச்சை ரிப்பன். மத்தியானம் மறுபடி பிள்ளைகளை ஏற்ற வேண்டுமே, அதனால் ரிப்பனை வீட்டுக்குப் போய்த்தான் அவிழ்க்க வேண்டும் என்பது என் கண்டிப்பான உத்தரவு. பன்னிரண்டு டப்பாவில் பதினொன்றில் போர்பன். ஒன்றில் மட்டும் சரக்கு கிடையாது. ஆப்பிள் சாற்றைச் சுண்டக் காய்ச்சி, அதில் பருப்பை ஊறவைத்துச் செய்தது. பார்வைக்கு வித்தியாசமே தெரியாது. அது என் தம்பி ஆர்விலுக்கு.

ஆர்வில் ஒரு காலத்தில் மொடாக்குடியன். பெண்டாட்டி போனாள், வீடு போனது, லாரியைக் கொண்டுபோய் ஓடையில் இறக்கினான். பிறகு ஒருநாள் விட்டான். விட்டு ஆறு வருடம். அவனுக்கு வேலை கேட்டு டிப்போ மேலாளர் கூம்ஸிடம் போய் நின்றது நான்தான். "இவன் ஒரு தடவை குடிச்சாலும் என்னையும் சேத்து அனுப்பிடுங்க சார்" என்று சொன்னேன். தனி டப்பா விஷயத்தை அவனிடம் சொல்லவில்லை. எல்லாருக்கும் நடுவில் அவனைத் தனியாக நிறுத்துவானேன் என்று நினைத்தேன்.

அந்த வருடம் கடைசி வேலைநாள் வெள்ளிக்கிழமை. காலையில் ஆர்வில் வந்தபோதே எனக்குத் திக்கென்றது. கண் சிவந்திருந்தது. முகம் ஒரு பக்கம் உப்பியிருந்தது. பக்கத்தில் வந்தால் புதினா வாடை. குடிக்கிற காலத்தில் அவன் சட்டைப்பையில் எப்போதும் புதினா மிட்டாய் இருக்கும்.

"என்னடா மூஞ்சி இது?"

"பல்லு" என்று ஒற்றை வார்த்தை சொல்லிவிட்டுத் தன் வண்டிக்குப் போய்விட்டான்.

காலை நடை முடிந்து ஒன்பதரைக்கு எல்லாரும் ஓய்வறைக்கு வந்தோம். டப்பாக்களைக் கொடுத்தேன். பன்னிரண்டாம் நம்பர் வண்டி ஓட்டும் டிரெஸ்ஸி உத்தரவாவது மண்ணாவது என்று காப்பி மெஷின் பக்கத்திலேயே ரிப்பனை அவிழ்த்து ஒன்றை வாயில் போட்டுக்கொண்டாள். ஆர்வில் தன் டப்பாவை வாங்கி, "தேங்க்ஸ்க்கா" என்று சொல்லி மேல்கோட்டுக்கு அடியில் வைத்துவிட்டு, கழிப்பறைக்குப் போய் வாயைக் கொப்பளித்துவிட்டு வந்தான்.

அந்த நேரம் பார்த்து வெள்ளை வேன் ஒன்று வாசலில் வந்து நின்றது. முன்னறிவிப்பு இல்லாமல் வந்து, சீட்டுக் குலுக்கியதுபோல் நாலு பேரைப் பொறுக்கி, குடித்திருக்கிறார்களா என்று சோதனை செய்வார்கள். ஊதச் சொல்லும் கருவியோடு ஒரு பெண் இறங்கினாள். சின்ன வயது, மூக்குக் கண்ணாடி, சிரிப்பே இல்லை. கையில் இருந்த தாளைப் பார்த்து நாலு பெயர் படித்தாள். மூன்றாவது பெயர் ஆர்வில் ஸ்டாம்பர்.

முதல் இரண்டு பேர் ஊதினார்கள், பூஜ்யம். ஆர்வில் ஊதினான். கருவியில் பூஜ்யம் புள்ளி பூஜ்யம் மூன்று என்று வந்தது. பூஜ்யம் புள்ளி பூஜ்யம் இரண்டு வந்தாலே வண்டியைத் தொட முடியாது.

"அய்யய்ய, அது வோண்டாவோட உருண்டை!" என்று டிரெஸ்ஸி கத்தினாள். "ஒண்ணு தின்னாலே எனக்குக் காது சூடாவுது. இந்தம்மா பருப்பையா போடறா, பாட்டிலையே இல்ல கவுக்கறா!"

கூம்ஸுக்கு உயிர் திரும்பி வந்தது. "அதானே. ஆர்வில், நீ அந்த உருண்டையத் தின்னதான?"

ஆமாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். ஆர்வில் கூம்ஸை நேராகப் பார்த்து, "இல்ல சார். நான் அதத் தொடல" என்றான்.

கூம்ஸின் முகம் விழுந்துவிட்டது. அட மடையா, தானாக வந்த கிளையைப் பிடித்துக்கொள்ளத் தெரியவில்லையே என்று பற்றிக்கொண்டு வந்தது. சிவந்த கண்ணும் புதினா வாடையும் கண்முன் வந்து நின்றன. குடித்திருக்கிறான். வேலை போச்சு, உரிமம் போச்சு, மறுபடி அந்த ஓடைக்குத்தான் போவான். இவ்வளவும் ஒரு நொடியில் என் மண்டைக்குள் ஓடி முடிந்துவிட்டது.

"தின்னான் சார்" என்றேன். "ரெண்டு தின்னான். நான் பாத்தேன். இந்தக் காப்பி மெஷின்கிட்டதான்."

ஆர்வில் என் பக்கம் திரும்பினான். கோபமாகப் பார்த்திருந்தால் தாங்கிக்கொண்டிருப்பேன். யாரோ முன்பின் தெரியாதவளைப் பார்ப்பதுபோல் பார்த்தான்.

சோதனைப் பெண்ணுக்கு எங்கள் சண்டை எதுவும் வேண்டியிருக்கவில்லை. "யாரு என்ன தின்னாங்கன்னு எனக்கு அவசியமில்ல" என்றாள். "வாய்ல ஒட்டியிருக்கறதுன்னா பதினஞ்சு நிமிஷத்துல போயிடும். ரத்தத்துல இருக்கறதுன்னா போகாது. பதினஞ்சு நிமிஷம் இங்கயே ஒக்காருங்க. எதுவும் குடிக்கக் கூடாது, மெல்லக் கூடாது."

அவன் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்தான். அந்தப் பெண் எதிரில் உட்கார்ந்து அவன் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். மற்றவர்கள் சுவரோரமாக நின்றார்கள். டிரெஸ்ஸி என் காதில், "பயப்படாதடி, ஒன் உருண்டைதான், போயிடும்" என்றாள். அவளுக்கு என்ன தெரியும்? அவன் டப்பாவில் ஒரு சொட்டுச் சரக்கு இல்லை என்பது எனக்குத் தெரியும். அவன் டப்பாவையே முழுதாகக் காலிசெய்திருந்தாலும் கருவி பூஜ்யம்தான் காட்டும். ஆக, பதினைந்து நிமிடம் கழித்தும் மூன்று அப்படியே நிற்கும். நான் சொன்ன பொய்யால் அவனுக்குப் பதினைந்து நிமிடம் தள்ளிப்போனது, அவ்வளவுதான் பயன் என்று நினைத்தேன்.

அந்த நேரத்தில் என்னென்னவோ யோசித்தேன். எத்தனை நாளாகக் குடிக்கிறான்? யாருடன்? போன ஞாயிறு சர்ச்சில் பின்வரிசையில் உட்கார்ந்தது அதனால்தானா? கூம்ஸிடம் எந்த முகத்தோடு நிற்பது? அவனுக்காக மனசு வலித்ததைவிட அவன்மேல் ஆத்திரம்தான் அதிகமாக இருந்தது. அதை இப்போது மறைத்து ஆகப்போவது ஒன்றுமில்லை.

பதினைந்து நிமிடம் முடிந்தது. புதுக் குழாயைப் பொருத்தி ஊதச் சொன்னாள். நீளமாக ஊதினான்.

பூஜ்யம்.

டிரெஸ்ஸி கைதட்டினாள். கூம்ஸ் அந்த டிசம்பர் குளிரில் நெற்றியைத் துடைத்துக்கொண்டார். அந்தப் பெண் முதல் தடவையாக மனிதர்களைப் போலப் பேசினாள். "வாய்க்கு ஏதாவது மருந்து போடறீங்களா?"

"திங்கக்கிழம பல்லப் புடுங்கினாங்க" என்றான் ஆர்வில். "டாக்டர் கொப்பளிக்க ஒண்ணு குடுத்தாரு. புதினா மாதிரி இருக்கும். நீங்க வர்றதுக்குச் சித்த முன்னாலதான் கொப்பளிச்சேன். முழுங்கறதில்லையே, அதனால ஞாபகமே வரல."

"அதேதான். அதுலயும் ஆல்கஹால் இருக்கு" என்று சொல்லிவிட்டு அவள் அடுத்த ஆளைக் கூப்பிட்டாள்.

எனக்குச் சந்தோஷத்தில் அழுகை வந்தது. அந்தச் சந்தோஷம் ஒரு நிமிடம்கூட நீடிக்கவில்லை. ஆர்வில் கோட்டை எடுத்துக்கொண்டு வெளியே போவதைப் பார்த்ததும் பின்னாலேயே ஓடினேன். வண்டி வரிசையின் நடுவில் அவனைப் பிடித்தேன்.

"டேய், மன்னிச்சிருடா. ஒன்னக் காப்பாத்தணும்னுதான்..."

"எதுலருந்து?"

நான் அவன் கோட்டுக் கையைப் பிடித்தேன்.

"அக்கா, என் டப்பாவுல சரக்கு இல்லைன்னு ஒனக்குத் தெரியும். எனக்கும் தெரியும்."

"எப்பலேருந்து?"

"மொத வருஷத்துலேருந்து. போர்பன்லயே ஊறிக் கெடந்தவன் நான். மூக்கு செத்தாப் போச்சு? நீ ஆசையா பண்றன்னு சும்மா இருந்தேன்." வீங்கிய கன்னத்தைக் கையால் பிடித்துக்கொண்டு மெதுவாகப் பேசினான். "நான் தின்னலன்னு சொன்னேன். நீ தின்னான்னு சொன்ன. தின்னிருந்தாலும் அதுலேருந்து வந்திருக்காதுன்னு தெரிஞ்சே சொன்ன. அப்ப நான் குடிச்சிட்டேன்னு நீ முடிவே கட்டிட்ட."

"மெஷினு காட்டுச்சேடா..."

"மெஷினுகூடப் பதினஞ்சு நிமிஷம் பொறுக்கச் சொல்லுச்சு. நீ பொறுக்கல."

அவன் தன் வண்டிக் கதவைத் திறந்து ஒரு காலைப் படியில் வைத்தான்.

"நான் குடிய விட்டு ஆறு வருஷமாச்சுக்கா" என்றான். "நீதான் இன்னும் விடல."

நான் உள்ளே போய் எல்லார் முன்னாலும் கூம்ஸிடம், அவன் உருண்டையைத் தின்னதை நான் பார்க்கவில்லை, பொய் சொன்னேன் என்றேன். டிரெஸ்ஸி வாயைப் பிளந்தாள். கூம்ஸ் கடிகாரத்தைப் பார்த்துவிட்டு, "அத அவன்கிட்ட சொல்லு. எனக்கு ரெண்டு மணிக்கு வண்டி கெளம்பணும்" என்றார்.

கிறிஸ்துமஸ் அன்று அவன் வருவானா என்று எனக்குச் சந்தேகம். கேட்க வாய் வரவில்லை. பன்னிரண்டு மணிக்கு வந்தான். வீக்கம் வடிந்திருந்தது. மகன் குடும்பம் இன்னும் வந்து சேரவில்லை. அடுப்பில் பன்றித் தொடைக் கறி வெந்துகொண்டிருந்தது.

ஒவ்வொரு வருடமும் அவன் வரும் முன்பே போர்பன் உருண்டைத் தட்டைத் தூக்கித் துணி துவைக்கும் மெஷினுக்குள் வைத்துவிடுவேன். அந்த வருடம் தட்டு சமையலறை மேசைமேல் மூடாமல் கிடந்தது. வேண்டுமென்றேதான் வைத்தேன். வைத்துவிட்டு நாலு தடவை மூடப் போனேன். ஆர்வில் கோட்டைக் கழற்றி மாட்டிவிட்டு, காப்பி போட்டுக்கொள்ளச் சமையலறைக்குள் போனான். நான் பீங்கான் தட்டுகளை அள்ளிக்கொண்டு சாப்பாட்டு மேசைக்கு வந்தேன். அவனைத் தனியாக விட்டுவிட்டு வருவது லேசாக இல்லை. ஒரு தட்டு கை நழுவி விளிம்பு உடைந்தது.

கோப்பையோடு வெளியே வந்தான்.

"உருண்டைத் தட்டு தெறந்து கெடக்கு, பாத்தியா?" என்றேன்.

"பாத்தேன்."

"மூடி வைக்கவா?"

"எனக்காகவா? வேண்டாம். ஈ மொய்க்கும்னா மூடு."

"டிசம்பர்ல ஏதுடா ஈ?"

"அப்ப விடு" என்று சொல்லி உட்கார்ந்து காப்பியை உறிஞ்சினான்.

சாயங்காலம் ஐந்து மணிக்குக் கிளம்பினான். வாசலில் என் தோளைத் தட்டி, கறி மெத்தென்று இருந்தது, பல்லுக்கு நல்லதாகப் போயிற்று என்றான். கார் திரும்பும் வரை பார்த்துக்கொண்டு நின்றேன்.

இதுவரை யாரிடமும் சொல்லாத ஒன்று உண்டு. அவன் வந்துபோன ஒவ்வொரு கிறிஸ்துமஸ் மாலையும் நான் மெஷினிலிருந்து தட்டை எடுத்து உருண்டைகளை எண்ணுவேன். ஒரு வருடமும் ஒன்றுகூடக் குறைந்ததில்லை. ஆனாலும் எண்ணுவேன். அன்று எண்ணவில்லை. கை ஊறியது. அதனால் தட்டோடு தூக்கி, மத்தியானம் வந்து சேர்ந்திருந்த மகனிடம் கொடுத்து, உடனே காரில் கொண்டுபோய் வைக்கச் சொன்னேன்.