வலிப்புக்கு ஆள் இல்லை

சுங்கத் துறைக்குப் புதுக் கிடங்கு கட்ட மராமத்து இலாகா டெண்டர் கூப்பிட்டிருந்தது. என் புருஷன் சிப்ரியானோ லாகோஸில் இருபத்திரண்டு வருஷமாகச் சுவர் எழுப்புகிற கொத்து மேஸ்திரி. பிரேசிலுக்கு அடிமைகளாகப் போய்த் திரும்பி வந்த எங்கள் ஆட்களுக்குக் கட்டட வேலையில் இருக்கிற பெயரைப் பற்றி நான் சொல்லித்தான் தெரிய வேண்டும் என்பதில்லை. துரைமார் பங்களா, மாதா கோயில், மசூதி, எல்லாவற்றிலும் இவர் கை பட்டிருக்கிறது. ஆனால் அத்தனையும் வேறு எவனோ எடுத்த ஒப்பந்தத்தில், கூலிக்கு. இது கிடைத்தால் இவரும் ஒப்பந்தக்காரர். கிடைக்காவிட்டால் சாகிற வரை அடுத்தவன் சாரத்தில் ஏறி இறங்க வேண்டியதுதான்.

விலையெல்லாம் போட்டு முடித்துவிட்டார். ஜாமீன்தான் இடித்தது. சர்க்காருக்குத் தெரிந்த வியாபாரி ஒருவர் கையெழுத்துப் போட வேண்டுமாம். எங்கள் தெருவில் போர்ச்சுகீஸ் பேசுகிற தச்சரும் தையல்காரரும் உண்டு, சர்க்காருக்குத் தெரிந்த வியாபாரிக்கு எங்கே போவது? கடைசியில் லாகோஸ் கரையோரத்து மரீனா தெருவில் மருந்துக் கடை வைத்திருந்த ஹெஸக்கியா டர்னரிடம் போனோம். சியரா லியோன் மனிதர். வெயில் கொளுத்தினாலும் கழுத்துப் பட்டையைத் தளர்த்த மாட்டார். சீமையிலிருந்து வருகிற நரம்பு டானிக் ஒன்றுக்கு அவர்தான் ஏஜென்ட்.

தாராளமாக ஜாமீன் போடுகிறேன் என்றார். பதிலுக்கு ஒரு சின்ன உபகாரம் என்று சொல்லி ஒரு நோட்டைப் பிரித்தார்.

"இடுப்பு வலிக்கு ஒரு உபதேசியார் இருக்காரு. இருமலுக்கு ரெண்டு பேர். வயித்துக்கு ஒரு குமாஸ்தா. வலிப்புக்குத்தான் இன்னும் ஆள் இல்லை, மேஸ்திரி."

எங்களுக்கு ஒன்றும் விளங்கவில்லை. அவர் பொறுமையாக விளக்கினார். 'எனக்குப் பல வருஷமாகக் காக்காய் வலிப்பு இருந்தது, இந்த டானிக் குடித்தேன், குணமானேன்' என்று ஒரு கடிதம் வேண்டும். கடிதத்தை அவரே எழுதிக்கொள்வார். பெயரும் போட்டோவும் கையெழுத்தும் மட்டும் இவருடையது. பத்திரிகையில் விளம்பரமாக வரும்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. இவரோ தொப்பியை எடுத்துக்கொண்டு எழுந்தே விட்டார். வலிப்பு என்றால் எங்கள் பக்கத்தில் அந்தச் சொல்லைக்கூட உரக்கச் சொல்ல மாட்டார்கள். வலிப்புக்காரனின் எச்சில் பட்டால் தொற்றிக்கொள்ளும் என்று பயம். அவன் தொட்ட கிண்ணத்தை வேறு யாரும் தொடுவதில்லை.

இவர் சட்டையைப் பிடித்து உட்கார வைத்தது நான்தான். இதை மறைத்து எனக்கு ஆக வேண்டியது ஒன்றுமில்லை.

"இங்கிலீஷ் பேப்பரை நம்ம தெருவுல யாரு படிக்கிறா? உங்களுக்கே படிக்க வராது. எவனோ எதையோ எழுதிட்டுப் போறான், கையெழுத்தைப் போடுங்க" என்றேன்.

டர்னருக்கு என்னைப் பிடித்துப்போயிற்று. எத்தனை புட்டியில் குணமானது என்று போடலாம் என என்னையே கேட்டார். பன்னிரண்டு என்று போடுங்கள், அப்போதுதான் ஜனங்கள் டஜன் டஜனாக வாங்குவார்கள் என்றேன். மனிதர் விழுந்து விழுந்து சிரித்தார். நானும் கூடச் சேர்ந்து சிரித்தேன், வெட்கம் கெட்டவள்.

டெண்டர் எங்களுக்கே வந்தது. அன்றைக்கு வீட்டில் அவரைக்கொட்டை, தேங்காய்ப் பால், மீன் என்று ஒரே அமர்க்களம். இரண்டு மாசம் கழித்துக் கொத்தனார்கள் வழக்கம்போல மத்தியானச் சாப்பாட்டுக்கு உட்கார்ந்தார்கள். ஒரே பெரிய கிண்ணத்தைச் சுற்றி உட்கார்ந்து எல்லோரும் கைவிட்டு எடுத்துச் சாப்பிடுவதுதான் பழக்கம். அன்று ஆளுக்கொரு சுரைக் குடுக்கையைக் கையோடு கொண்டுவந்திருந்தார்கள். பெரிய கிண்ணத்தின் முன்னால் என் புருஷன் மட்டும் தனியாக உட்கார்ந்திருந்தார். சாப்பாடு கொண்டுபோன நான் அப்படியே நின்றுவிட்டேன்.

டர்னர் பத்திரிகையோடு நிறுத்தவில்லை. அதே படத்தைப் போட்டு ஊர் பாஷையான யொரூபாவில் அச்சடித்து, காயலோரத்துச் சந்தை ஒவ்வொன்றிலும் ஒட்டியிருந்தார். எழுத்துக் கூட்டத் தெரிந்த எவனோ ஒருவன் ஊருக்கே படித்துக் காட்டிவிட்டான்.

அடுத்தது மராமத்து இலாகா இன்ஜினியர் துரை. அவர் இங்கிலீஷ் பத்திரிகை படிக்கிறவராயிற்றே. வலிப்புக்காரனைச் சாரத்தில் ஏற்ற முடியாது, இப்போது வலிப்பு இல்லை என்று வெள்ளிக்கிழமை மத்தியானத்துக்குள் சத்தியப் பத்திரம் கொண்டுவராவிட்டால் ஒப்பந்தம் ரத்து என்று சொல்லி அனுப்பினார். வலிப்பே இருந்ததில்லை என்று சத்தியம் செய்தால் டர்னர் ஜாமீனை உருவிக்கொள்வார். ஜாமீன் இல்லாமல் ஒப்பந்தம் நிற்காது. வசமாக மாட்டிக்கொண்டோம்.

அதற்கும் டர்னரிடம் வழி இருந்தது. வலிப்பு இருந்தது, டானிக் குடித்து அடியோடு போய்விட்டது என்று சத்தியம் செய்தால் போதும், அவருக்குத் தெரிந்த டாக்டரும் அப்படியே எழுதித் தருவார் என்றார். பத்திரத்தைக்கூட டைப் அடித்துக் கொடுத்துவிட்டார். கோர்ட்டுக் குமாஸ்தா முன்னால் இவர் கையெழுத்துப் போட வேண்டியதுதான் பாக்கி. இரண்டு நாள் நான் மூச்சுவிடாமல் பேசினேன். கிடங்கு முடிந்ததும் ஊரே மறந்துவிடும் என்றேன்.

வெள்ளிக்கிழமை காலை கோட்டை மாட்டிக்கொண்டு இவர் வாசலில் இறங்கும்போது ஒரு பெண் வந்தாள். காயலுக்கு அப்பால் எப்பே என்கிற ஊரிலிருந்து படகில் வந்தவள், பெயர் அஷாகே. கூடவே பதினோரு வயதுப் பெண் பிள்ளை, அபேனி. தோளை மூடித் துணி போர்த்தியிருந்தது. அஷாகே இவர் முகத்தையே உற்றுப் பார்த்தாள், பிறகு கும்பிட்டு மண்டியிட்டாள். படத்தில் இருக்கிறவர் நீங்கள்தானே என்று கேட்டாள். இவர் தலையசைத்தார்.

"ஐயா, உங்களுக்கு எத்தனையாவது புட்டியில நின்னுச்சு?"

பிள்ளைக்கு நடக்கத் தொடங்கிய நாளிலிருந்து வலிப்பாம். பன்னிரண்டு புட்டியும் கொடுத்து முடித்துவிட்டாளாம், இன்னும் வருகிறதாம். சாப்பாட்டுக்கு முன்னால் கொடுக்க வேண்டுமா, பின்னால் கொடுக்க வேண்டுமா, தான்தான் எதையாவது மாற்றிச் செய்துவிட்டோமா என்று கேட்டுப் போக வந்திருக்கிறாள். படகுக்காரன் காத்திருக்கிறானாம்.

இவர் ஒரு தரம் என்னைப் பார்த்தார். பிறகு அவளுக்கு எதிரே தரையில் உட்கார்ந்தார்.

"எனக்கு அந்த நோய் வந்ததே இல்லம்மா."

அஷாகே சுற்றுமுற்றும் பார்த்தாள். குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

"புரியுதுங்க ஐயா. நானும் ஊர்ல காய்ச்சல்னுதான் சொல்லி வச்சிருக்கேன். வெளியில தெரிஞ்சா யாரு கூட உட்கார்ந்து சாப்பிடுவா? நான் ஒருத்தர்கிட்டயும் மூச்சு விட மாட்டேன். எனக்கு மட்டும் சொல்லுங்க."

பொய்யைச் சந்தையில் பார்த்ததுமே நம்பியவள், மனுஷன் நேருக்கு நேர் சொல்கிற உண்மையை நம்பவில்லை. வெட்கத்தில் மறைக்கிறார் என்று இவருக்காகப் பரிதாபப்படுகிறாள். இவர் திரும்பவும் சொன்னார். அவள் திரும்பவும் தலையை ஆட்டி, பரவாயில்லை ஐயா, பயப்படாதீர்கள் என்றாள்.

அப்போதும் எனக்கு ஒரு கெட்ட புத்தி வந்தது. இன்னும் ஆறு புட்டி கொடுத்துப் பார் என்று சொன்னால் போய்விடுவாள், மணி பதினொன்றுதான் ஆகிறது, கோர்ட்டு நாலு தெரு தள்ளித்தான் இருக்கிறது. சொல்ல வாயைத்தான் திறந்தேன். அந்தப் பிள்ளை என்னையே பார்த்துக்கொண்டிருந்தது. எப்படியோ எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். ஜாமீன், டர்னரின் நோட்டு, போட்டோ, சிரித்தது, ஒன்று விடாமல். பன்னிரண்டு என்பதும் என் வாயிலிருந்து வந்ததுதான் என்றேன்.

என்னை நம்பினாள். முகத்திலேயே தெரிந்தது. என் புருஷன் எழுந்து கோட்டைக் கழற்றினார், டைப் அடித்த பத்திரத்தை எடுத்து அடுப்பில் போட்டுவிட்டு வந்தார். இருபத்திரண்டு வருஷம் அதோடு போயிற்று. இவர் என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

அஷாகே அழவில்லை, சாபமும் விடவில்லை. பிள்ளையைப் பக்கத்தில் இழுத்துத் தோளிலிருந்த துணியை மெல்ல விலக்கினாள். தோளிலிருந்து முழங்கை வரை தோல் வெந்து உரிந்திருந்தது, புண் இன்னும் ஆறவில்லை.

"பத்து வருஷமா இவளை அடுப்புப் பக்கம் விட்டதில்ல. பன்னெண்டு புட்டி முடிஞ்ச அன்னிக்குத்தான் விட்டேன்" என்றாள். "விடலாம்னு எனக்குச் சொன்னது யாரு?"

"நான்தான்" என்றேன்.