சைபருக்குச் சாட்சி

மகன் பத்தாவது கணக்குப் பரீட்சையில் சைபர் வாங்கினான் என்று ஆட்டுக்கறி எடுத்துப் பிரியாணி போட்ட வீடு உலகத்தில் எத்தனை இருக்குமோ தெரியாது. தங்கச் சுரங்கத் தொழிலாளர்கள் குடியிருந்த ஸ்கெலட்டன் லைனில் ஒரு வீடு இருந்தது. தாமோதரன் வீடு. வருஷம் தொண்ணூற்று நாலு. சைபர் வாங்கியவன் ஏகநாதன், பதினாறு வயது.

தெரியாமல் வாங்கிய சைபர் இல்லை அது. தாளின் மேலே நம்பரை எழுதிவிட்டு, அதற்குக் கீழே ஒரு கோடுகூடப் போடாமல் மூன்று மணி நேரம் உட்கார்ந்திருந்தான். கை அரித்தது. பொழுது போகாமல் பாதிக் கணக்கை மனசுக்குள்ளேயே போட்டுப் பார்த்தான். மணி அடித்ததும் வெள்ளைத் தாளை அப்படியே நீட்டிவிட்டு வந்தான். எழுதக் கூடாது என்பது அப்பாவின் உத்தரவு.

தங்கச் சுரங்கத்தில் அப்பனுக்கு வயசானால் மகனை வேலைக்கு எடுப்பார்கள் என்ற நம்பிக்கை லைன் வீடுகளில் அந்தக் காலத்தில் இருந்தது. அதோடு இன்னொரு பேச்சும் சேர்ந்துகொண்டது. பத்தாவது பாஸ் செய்த பையனைக் கீழே இறக்க மாட்டார்கள், அவனுக்கு மேலே ஆபீஸ் வேலை என்று தனி லிஸ்ட், அந்த லிஸ்ட் ஆயுசுக்கும் நகராது, ஃபெயிலானவன்தான் நேராகச் சுரங்கத்துக்குள் இறங்குகிற ஷாஃப்டுக்குப் போவான் என்று. அப்படி ஓர் ஆர்டரை யாரும் கண்ணால் பார்த்ததில்லை. ஆனாலும் சாராயக் கடையிலும் குழாயடியிலும் அதே பேச்சு. நாலைந்து அப்பன்கள் அதை நம்பி, நன்றாகப் படித்துக்கொண்டிருந்த பிள்ளைகளைப் பிடித்து நிறுத்தினார்கள். தாமோதரன் அதில் ஒருவர்.

கூப்பிடுவார்கள் கூப்பிடுவார்கள் என்று ஏழு வருஷம் போனது. இரண்டாயிரத்து ஒன்றில் சுரங்கத்தையே மூடினார்கள். பாஸானவனுக்கும் இல்லை, ஃபெயிலானவனுக்கும் இல்லை. தாமோதரன் நெஞ்சு நிறையக் கல் தூசியோடு வீட்டுக்கு வந்து உட்கார்ந்தார். ஏகநாதன் ஊரிகம் ஸ்டேஷனில் விடிகாலை பெங்களூர் ரயில் ஏறினான். அன்று ஏறியவன், இந்த நாற்பத்தாறு வயசிலும் ஏறிக்கொண்டிருக்கிறான்.

ஒயிட்ஃபீல்டு பக்கம் ஒரு டைல்ஸ் குடோனில் லோடிங் வேலை. ஒரு பெட்டி முப்பது கிலோ. தோளிலும் இடுப்பிலும் ஏறி இறங்கிய பெட்டிகளுக்குக் கணக்கு இல்லை. ஆனால் கஸ்டமர் வந்து, ஹால் இத்தனை அடி, ரூம் இத்தனை அடி என்று சொல்லி வாய் மூடுவதற்குள், எத்தனை பெட்டி வேண்டும், உடைசலுக்கு எத்தனை சேர்க்க வேண்டும் என்று ஏகநாதன் சொல்லிவிடுவான். சூப்பர்வைசர் கால்குலேட்டரைத் தட்டிப் பார்த்துவிட்டு, "கரெக்டாத்தான் சொல்றான்" என்பார். அந்தச் சூப்பர்வைசர்தான் ஒரு நாள், "இவ்ளோ கணக்கு வெச்சிக்கினு ஏன்யா மூட்டை தூக்கற?" என்று கேட்டார். சாதாரணமாகக் கேட்டதுதான். ஏகநாதனுக்கு அன்று முழுக்கச் சோறு இறங்கவில்லை.

அதற்கப்புறம் ரயிலில் படிக்க ஆரம்பித்தான். எதிர் சீட்டில் டென்சில் கூட்டாளிகளோடு துண்டு விரித்துச் சீட்டாடுவான். டென்சில் பெங்களூரில் லிஃப்ட் மெக்கானிக். "மச்சி, பரீட்சைக்குப் போறியா, பென்சனுக்குப் போறியா?" என்பான். என்றாலும் ஜன்னல் ஓரத்தை ஏகநாதனுக்கு விட்டுக்கொடுப்பான். அந்த ஜன்னல் ஓரத்திலேயே, நாற்பது வயசில், தனியாகப் பரீட்சை எழுதிப் பத்தாவது பாஸானான். கணக்கில் தொண்ணூற்றொன்று. நாற்பத்து நாலில் பி.யூ.சி., அதாவது பன்னிரண்டாவது. போன வருஷம் முதுகில் டிஸ்க் விலகிப் பத்து நாள் படுத்து எழுந்தபோது, குடோன் முதலாளி ஒரு வார்த்தை சொன்னார். ஸ்டாக் எழுதுகிற ஆள் ஊருக்குப் போகிறான், பி.காமில் சேர்ந்ததற்கு ஒரு ரசீது கொண்டு வந்து காட்டு, அந்த மேஜையில் நீ உட்கார், முடிக்கிற வரைக்கும் பொறுத்துக்கொள்கிறேன் என்று. அந்த ரசீதுக்காகத்தான் ஏகநாதன் மாலைக் கல்லூரிக்குப் போனான்.

ஃபாரத்தில், 'இதுவரை பெற்ற எல்லா மார்க்ஸ் கார்டுகளும் இணைக்க வேண்டும்' என்று போட்டிருந்தது. எல்லாம் என்றால் எல்லாம். தொண்ணூற்று நாலாம் வருஷக் கார்டையும் பெட்டிக்கடியிலிருந்து தேடி எடுத்து, ஜெராக்ஸ் போட்டு வைத்தான்.

கல்லூரி ஆபீஸில் அட்மிஷன் பார்க்கிற லவினா மேடம் அதைப் பார்த்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினாள். "ஏன் சார் இதை வெச்சீங்க? ஃபெயிலான கார்டை எவனும் வெக்க மாட்டான் சார். இது இல்லாமயே சீட் குடுத்திருப்போம்."

"எல்லாம்னு போட்டிருந்துச்சே மேடம்."

"போட்டிருக்கும்…" என்று இழுத்தாள். அதற்குள் ஃபைல் பிரின்சிபல் மேஜைக்குப் போயிருந்தது.

பிரின்சிபல் கன்னடக்காரர். தமிழும் நன்றாகப் பேசுவார். இரண்டு கார்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக்கொண்டு ரொம்ப நேரம் பார்த்தார்.

"இங்கே கணக்குல சைபர். இங்கே தொண்ணூத்தொண்ணு. இது ரெண்டும் ஒரே ஆளா?"

"ஒரே ஆளுதாங்க சார்."

"எவ்வளவு மட்டமான பையனுக்கும் அஞ்சாறு மார்க் விழும். சைபர்னா ஒண்ணுமே தெரியலைன்னு அர்த்தம். இந்த தொண்ணூத்தொண்ணை யாரு எழுதினது? தம்பியா, மச்சானா?"

ஏகநாதனுக்குக் காது சுட்டது. "ஒரு கணக்கு குடுங்க சார். இங்கயே போட்டுக் காட்றேன்."

"நீங்க இப்போ போடுவீங்க. நான் கேக்கறது அப்போ ஏன் போடலைன்னு."

சொன்னான். சுரங்கத்தையும் அந்தப் பேச்சையும் அப்பாவையும் சொன்னான். சொல்லச் சொல்ல அவனுக்கே அது பொய் மாதிரிதான் கேட்டது. பிரின்சிபல் கெட்ட மனுஷர் இல்லை. பேனாவை மூடிவிட்டுச் சொன்னார்: "இதோ பாருங்க, ஆள் மாத்தி எழுதின கேஸ் ஒண்ணு போன வருஷம் எங்க தலையில விழுந்துச்சு. எனக்கு ரிட்டயர்மென்ட்டுக்கு ரெண்டு வருஷம் இருக்கு. உங்க அப்பா இருக்காரா?"

"இருக்காரு சார்."

"கூட்டிட்டு வாங்க. அவர் வாயால சொல்லட்டும். எழுதி, கையெழுத்து வாங்கி, ஃபைல்ல வெச்சுட்டு சீட் குடுக்கறேன். வெள்ளிக்கிழமை அட்மிஷன் முடியுது."

வீட்டில் சொன்னபோது மனைவி ஸ்வப்னா சிரித்துவிட்டாள். "நாப்பத்தாறு வயசுல அப்பாவக் கூட்டினு வான்னு தொரத்திவுட்டது உங்களத்தான் இருக்கும். முட்டி போடச் சொல்லலியா?" சொல்லிவிட்டு, அவன் முகத்தைப் பார்த்துத் தட்டில் இன்னொரு கரண்டி சோறு வைத்தாள்.

தாமோதரன் கட்டிலில் சாய்ந்து இருமிக்கொண்டிருந்தார். முப்பது வருஷமாக அப்பனும் பிள்ளையும் அந்தப் பேச்சை எடுத்ததில்லை. ஏகநாதன் கட்டில் காலைப் பார்த்துக்கொண்டே கேட்டான்.

"நைனா, அன்னிக்கு நீதான எழுதாம வரச் சொன்ன?"

கிழவர் இருமலை அடக்கிக்கொண்டார். பிறகு, "நான்தான்டா சொன்னேன். அதுக்கு இன்னா இப்போ? அன்னிக்கு எல்லாரும் அதான் சொன்னானுங்க. உன் நல்லதுக்குன்னுதான் சொன்னேன்" என்றார்.

"தப்பு சொல்ல வரல நைனா. இதையே காலேஜ்ல வந்து ஒரு வாட்டி சொல்லு. எனக்கு சீட்டு கெடைக்கும்."

"வரேன். வராம இன்னா."

ஸ்வப்னா உள்ளிருந்து எட்டிப் பார்த்தாள். ஏகநாதன் தண்ணீர் குடிக்கிற சாக்கில் எழுந்து வெளியே போனான். கண் கலங்கியதை யாரும் பார்க்க வேண்டாம் என்று நினைத்தான். ஃபெயிலானவன், மண்டையில் ஒன்றும் ஏறாதவன் என்று இத்தனை வருஷம் கேட்டவன். ஒரு ஆள் வாயிலிருந்து, நான்தான் சொன்னேன் என்று வருவதற்கு முப்பது வருஷம் ஆகியிருக்கிறது.

வெள்ளிக்கிழமை ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு அப்பாவைக் கூட்டிக்கொண்டு புறப்பட்டான். தாமோதரன் ஷேவ் செய்து, இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டை போட்டு, பாலிதீன் பையில் தன் சர்வீஸ் பேப்பரெல்லாம் எடுத்து வைத்துக்கொண்டார். "அது எதுக்கு நைனா?" என்றால், "இருக்கட்டும்டா, ஆபீஸர் கேட்டா?" என்றார். ரயிலில் டென்சில் எழுந்து இடம் விட்டான். "தாத்தா, புள்ளைக்கு பெஞ்சு மேல ஏத்தற தண்டனை கெடைக்காம பாத்துக்கோங்க." கிழவரும் சிரித்தார். வழியெல்லாம் ஏகநாதன் சொல்லிக்கொடுத்தான். "எழுதாம வான்னு நான்தான் சொன்னேன். இவ்ளோதான் நைனா, வேற ஒண்ணும் வேணாம்." கிழவரும், "சரிடா, எத்தினி வாட்டி சொல்லுவ" என்று அலுத்துக்கொண்டார்.

பிரின்சிபல் ரூமில் அவருக்கு நாற்காலி போட்டார்கள். அவர் உட்காரவில்லை. மேஜைக்கு எதிரே கையைக் கட்டிக்கொண்டு நின்றார். மேஜையின் பக்கவாட்டில் லவினா மேடம் நோட்டைத் திறந்து, தேதி எழுதி, பேனாவோடு காத்திருந்தாள். தாமோதரனின் கண் அந்தப் பேனாவின் மேல் போய் நின்றதை ஏகநாதன் பார்த்தான்.

கீழே முப்பது வருஷம் வேலை செய்த ஆள் அவர். பாறை விழுந்து ஆள் செத்தாலும் என்கொயரி. வெடிமருந்து எண்ணிக்கை குறைந்தாலும் என்கொயரி. எவன் டிபன் பாக்ஸிலாவது தங்கத்தின் மஞ்சள் ஓடிய கல் துண்டு இருந்தாலும் என்கொயரி. மேஜைக்குப் பின்னால் ஒரு ஆபீஸர், பக்கத்தில் எழுதுகிற ஆள். ஷிஃப்டில் இருந்த நாற்பது பேரும் வரிசையாகப் போய் ஒரே பதிலைச் சொல்லிவிட்டு வருவார்கள். எழுதுகிற ஆளுக்கு முன்னால் வாயைத் திறந்தவன் வேலையோடு கூட்டாளிகளையும் இழந்தான். அதை அவர்களுக்கு யாரும் சொல்லிக்கொடுக்க வேண்டியிருக்கவில்லை. அது தண்ணீர் குடிக்கிற மாதிரி.

"பெரியவரே, உங்க பையன் அன்னைக்கு கணக்குப் பரீட்சையில ஏன் ஒண்ணுமே எழுதலை?"

"தெரியாதுங்க ஐயா."

"நீங்கதான் எழுத வேணாம்னு சொன்னதா சொல்றாரே?"

"நானா? நான் எதுக்குங்க ஐயா சொல்லப்போறேன்?"

"நைனா!" என்றான் ஏகநாதன். "அன்னிக்கு ராத்திரி வூட்ல சொன்னியே. அதச் சொல்லு."

கிழவர் அவன் பக்கமே திரும்பவில்லை. பார்வை முழுக்க அந்த நோட்டின் மேல். லவினா எழுதிக்கொண்டிருந்தாள்.

"அப்போ இவருக்கு கணக்கு வருமா, வராதா?"

"சுமாருங்க ஐயா. புள்ள நல்லவன். மண்டையில அவ்வளவா ஏறாது. நாங்க கூலிக்காரங்க, எங்களுக்கு இன்னாங்க தெரியும்?"

"பின்னே இந்த தொண்ணூத்தொண்ணு?"

"அந்த ரூம்ல நான் இல்லீங்க ஐயா. பாக்காதத எப்டி சொல்றது?"

ஏகநாதன் அப்பாவின் கையைப் பிடித்தான். "சார், பயப்படறாரு சார். ஆபீஸ்னா அவருக்கு பயம். கொஞ்சம் வெளிய கூட்டினு போய்…"

"வெளியே கூட்டிட்டுப் போய் சொல்லிக்குடுத்து கூட்டிட்டு வருவீங்க. அப்புறம் அதை நான் எழுதி வெச்சுக்கணும்." பிரின்சிபல் குரலை உயர்த்தவில்லை. இரண்டு கார்டையும் ஃபைலுக்குள் வைத்துக் கட்டினார். "பெத்த அப்பாவே சொல்லிட்டார். போலீசுக்கு நான் எழுதப் போறதில்லை, அந்த மட்டும் சந்தோஷப்படுங்க. கிளம்புங்க."

லவினா மேடம் தலை நிமிரவில்லை.

ரோட்டைத் தாண்டி ஸ்டேஷனுக்கு வந்தார்கள். பிளாட்பாரத்து பெஞ்சில் உட்கார்ந்து மூச்சு வாங்கி முடித்ததும், தாமோதரன் மகன் தொடையைத் தட்டினார். முகத்தில் வேர்வை. ஆனாலும் தெளிவு.

"போலீசுன்னான் பாத்தியா? எனக்கு அந்த அம்மா பேனாவத் தொறக்கும்போதே தெரியும். நீ வேற, சின்னப் புள்ளயாட்டம், ஒத்துக்கினு ஒத்துக்கினு நிக்கற. நான் மட்டும் ஆமான்னு சொல்லியிருந்தா அப்பன் புள்ள ரெண்டு பேரையும் உள்ள வெச்சிருப்பான். ஒரு வார்த்த வாங்க முடிஞ்சுதா எங்கிட்ட?"

ஏகநாதன் அவரைப் பார்த்தான். திட்டுவதற்கு வாயில் நிறைய இருந்தது. எதிரில் இருந்ததோ, பெரிய காரியம் ஒன்றைச் செய்து முடித்துவிட்ட முகம். கூட்டாளிகளைக் காட்டிக்கொடுக்காத முகம். அந்த முகத்தில் போய் எதை வீசுவது? பாலிதீன் பையை எடுத்து அவர் மடியில் வைத்தான்.

சாயங்கால ரயிலில் டென்சில் கும்பல் துண்டு விரித்துக்கொண்டிருந்தது. தாமோதரன் ஜன்னல் ஓரத்தில் உட்கார்ந்து, காத்திராமல் கதையை எடுத்துவிட்டார். ஆபீஸர் எப்படி மடக்கினான், தான் எப்படி நழுவினார் என்று, நடுநடுவே இருமிக்கொண்டே. நாற்காலி போட்டும் உட்காராததைக்கூடச் சொன்னார். ஆட்டத்தை நிறுத்திவிட்டு எல்லோரும் கேட்டார்கள்.

"சரி தாத்தா, சீட்டு?" என்றான் டென்சில். கேட்டுவிட்டு ஏகநாதனைப் பார்த்தவன், கையிலிருந்த சீட்டுகளைக் கவிழ்த்து வைத்தான்.

"சீட்டு போனா போவுது," என்றார் தாமோதரன். "மாட்டாம வந்தமே."

பக்கத்து சீட்டில் பென்ஷன் விஷயமாகப் போய்த் திரும்பிக்கொண்டிருந்த இரண்டு பெரியவர்கள், நந்திதுர்க் ஷாஃப்டில் வேலை பார்த்தவர்கள், ஒரே நேரத்தில் தலையாட்டினார்கள். "அதானே முக்கியம்" என்றார் ஒருவர்.

ஏகநாதன் எழுந்து கதவுப் பக்கம் போனான். ஒயிட்ஃபீல்டு தாண்டும்போது குடோனின் தகரக் கூரை தெரிந்தது. வாசலில் ஒரு லாரி நின்றது. இந்த லோடை நாளைக் காலையில் இறக்கவேண்டியிருக்கும். ஸ்டாக் மேஜைக்கு யாரை வைப்பார்கள் என்று யோசித்துப் பார்த்தான். பிறகு அதையும் விட்டுவிட்டு, வலிக்கிற இடுப்பைக் கதவுக் கம்பியில் முட்டுக்கொடுத்து, பங்காருப்பேட்டை வரைக்கும் நின்றுகொண்டே வந்தான்.