ஆனந்தா நீலத்துக்கு ஒரு போன்

ஸ்ம்ருதியின் போன் வந்தபோது வெள்ளையம்மாள் மலைக்கோட்டை அடிவாரத்து ஜவுளிக்கடையில் நாற்பத்தேழாவது புடவையை விரித்துக்கொண்டிருந்தாள். எதிரே உட்கார்ந்திருந்த கல்யாண வீட்டாருக்கு அதுவும் பிடிக்கவில்லை.

"அக்கா, பவித்ராவுக்கு நர்சிங் சீட் வந்திருக்கு, கவர்மென்ட் காலேஜ். இன்னிக்கு அஞ்சு மணிக்குள்ள சம்மதம்னு ஆன்லைன்ல கொடுக்கணும். ஓ.டி.பி. அவ போனுக்குத்தான் வரும். அவளோ போனை எடுக்கவே மாட்டேங்கறா."

ஸ்ம்ருதி ஸ்ரீரங்கத்தில் பிரவுசிங் சென்டர் நடத்துகிறவள். வெள்ளையம்மாளின் மகள் பவித்ராவின் விண்ணப்பத்தைப் போட்டவளும் அவள்தான். காத்திருப்போர் பட்டியலில் அடியில் கிடந்த பவித்ரா, இனி எங்கே கிடைக்கப்போகிறது என்று சென்னையில் ஒரு கால் சென்டரில் சேர்ந்து ஒரு மாதம்தான் ஆகியிருந்தது. அங்கே வேலை நேரத்தில் போனை வாங்கி லாக்கரில் பூட்டிவிடுவார்கள். சாயங்காலம் ஆறு மணிக்குத்தான் கைக்கு வரும். ஐந்து மணிக்குப் போகிற சீட்டுக்கு ஆறு மணிக்குக் கைக்கு வருகிற போனால் என்ன பிரயோசனம்?

வெள்ளையம்மாள் புடவையை அப்படியே போட்டுவிட்டு ஓடினாள். முதலாளியிடம் சொல்லிக்கொண்டாளா என்பது அவளுக்கே ஞாபகம் இல்லை. பஸ்ஸில் இடம் இருந்தும் உட்காராமல் படிக்கட்டுப் பக்கமே நின்றாள். மகளுக்கு கவர்மென்ட் காலேஜில் சீட்! காவிரிப் பாலம் முழுக்க அதையேதான் நினைத்துக்கொண்டு போனாள்.

சென்டருக்குள் நுழையும்போது மணி மூன்றே முக்கால்.

"எந்தக் கம்பெனிக்கா? அவங்க ஆபீஸுக்கே கூப்பிட்டுடலாம்" என்றாள் ஸ்ம்ருதி.

"துணி துவைக்கிற மிஷின் கம்பெனிம்மா. மிஷின் ரிப்பேர்னா சனங்க காசில்லாத நம்பருக்குக் கூப்பிடுவாங்கல்ல, அதை எடுத்துப் பேசறா."

"கம்பெனி பேரு?"

வெள்ளையம்மாள் ஒரு மாதமாகத் தினமும் மகளோடு பேசியவள். ஹாஸ்டல் ரசத்தில் புளி தூக்கலா என்று கேட்டிருக்கிறாள், பக்கத்துக் கட்டில் பெண் எந்த ஊர் என்று கேட்டிருக்கிறாள். சம்பளம் கொடுக்கிற மகராசன் பெயரை மட்டும் கேட்கவில்லை. தன்னையே நாலு அறை அறைந்துகொள்ளலாம் போலிருந்தது.

ஸ்ம்ருதி கட்டணமில்லா எண்களை எல்லாம் தொகுத்துப் போட்டிருக்கும் ஒரு இணையதளத்தைத் திறந்தாள். வாஷிங் மெஷின் என்று தேடியதும் முப்பத்தொரு கம்பெனிகள் வரிசையாக வந்து நின்றன, ஒவ்வொன்றும் சின்னமும் எண்ணுமாக. முதல் எண் உபயோகத்தில் இல்லை. இரண்டாவதில் பேசியவன் எடுத்த எடுப்பில் ஏ.டி.எம். கார்டு நம்பரைக் கேட்டான். ஸ்ம்ருதி பட்டென்று வைத்துவிட்டாள். இப்படியே போனால் விடிந்துவிடும்.

வெள்ளையம்மாள் தன் போனைத் துழாவி ஒரு படத்தை எடுத்தாள். வேலையில் சேர்ந்த அன்று பவித்ரா அனுப்பியது. பின்னால் சுவரில் கம்பெனிச் சின்னம் இருந்தது. ஆனால் எழுத்தை எல்லாம் மகளின் தலை மறைத்துக்கொண்டிருந்தது. நீலமாக ஒரு வளைவு மட்டும் தெரிந்தது.

"நீலத்துல பத்து கம்பெனி இருக்கேக்கா."

"நீங்க மெதுவா ஓட்டுங்க. இது ராயல் நீலம், வேண்டாம். இது கருநீலம். இது வெளிறின ஆகாசம், தள்ளுங்க. நிறுத்துங்க. இதுதான், ஆனந்தா நீலம்."

ஸ்ம்ருதிக்கு எல்லாம் ஒரே நீலமாகத்தான் தெரிந்தது. பதினெட்டு வருஷம் ஜன்னல் வெளிச்சத்தில் புடவையைப் பிடித்துக் காட்டியவளோடு யார் வாதாடுவது? எண்ணை அழுத்தினாள். தமிழுக்கு இரண்டு.

எடுத்த பெண்ணிடம் வெள்ளையம்மாள் மூச்சு விடாமல் எல்லாவற்றையும் சொன்னாள். "ஊழியர்கள் பற்றிய விவரம் தர இயலாதுங்க மேடம்" என்றதோடு இணைப்பு போயிற்று. மறுபடி அழுத்தினார்கள். பத்து நிமிஷம் பாட்டுப் போட்டுக் காக்கவைத்த பிறகு ஒரு பையன் குரல் வந்தது. "வணக்கம், நான் பெனடிக்ட். என்ன உதவி வேணுங்க?"

"தம்பி, பவித்ரான்னு ஒரு பொண்ணு அங்க வேலை பாக்குதா?"

"இங்க முந்நூறு பேர் இருக்கோம்மா. யாரையும் கூப்பிட எங்களுக்கு அனுமதி இல்லை. மிஷின்ல என்ன புகார்னு சொல்லுங்க."

மணி நாலு முப்பத்தைந்து. வெள்ளையம்மாளுக்குக் கண்ணீர் முட்டிக்கொண்டு வந்தது. அப்போதுதான் மகள் அலுத்துக்கொண்டது நினைவு வந்தது. ஒரே ஹாலில் எல்லாரும் கத்துகிறார்கள், புகாரை எழுதியதும் வாசித்துக் காட்ட வேண்டும், அத்தனையும் என் காதில்தான் விழுகிறது, தலை வலிக்கிறதம்மா.

"புகார் இருக்கு தம்பி, எழுதிக்குங்க. பேரு பவித்ரா, அப்பா பேரு ரங்கசாமி, திருச்சி எடமலைப்பட்டி புதூர்."

"சரிங்க. என்ன பிரச்சினை?"

"நர்சிங் சீட்டு வந்துருச்சு. அஞ்சு மணிக்குள்ள லாக்கரைத் தொறந்து போனை எடுத்து அம்மாவைக் கூப்பிடு. அவ்வளவுதான். வாசிச்சுக் காட்டுங்க. எனக்குக் காது மந்தம், கொஞ்சம் சத்தமா."

வைத்துவிட்டானோ என்று ஸ்ம்ருதி போனைப் பார்த்தாள். பெனடிக்ட் தொண்டையைச் செருமினான். பிறகு பள்ளிக்கூட மைதானத்தில் உறுதிமொழி வாசிப்பவனைப் போல ஆரம்பித்தான்.

"புகார்தாரர் பெயர் பவித்ரா. தகப்பனார் ரங்கசாமி. எடமலைப்பட்டி புதூர், திருச்சி. நர்சிங் சீட்டு வந்துவிட்டது..."

முழுக்க வாசித்தான். யாரும் கேட்காமலே இன்னொரு தரமும் வாசித்தான், முன்னைவிடச் சத்தமாக. நடுவில் அந்த ஹாலில் எங்கோ ஒரு நாற்காலி தடாலென்று விழுவது போனில் கேட்டது. "புகார் பதிவாயிடுச்சுங்கம்மா" என்று சொல்லி வைத்தான்.

நாலு நாற்பத்தெட்டுக்கு மகளின் எண் வந்தது. மாடிப்படி இறங்கிய மூச்சிரைப்புதான் முதலில் கேட்டது. ஸ்ம்ருதி திரையில் சம்மதம் என்ற பொத்தானை அழுத்த, அங்கே ஓ.டி.பி. வந்தது. பவித்ரா ஒவ்வொரு எண்ணாகச் சொன்னாள், வெள்ளையம்மாள் ஒவ்வொன்றையும் திருப்பிச் சொன்னாள். ஆறாவது எண்ணுக்குப் பிறகு திரையில் ஒரு வட்டம் சுற்றியது, சுற்றிக்கொண்டே இருந்தது.

"வந்துடுத்துக்கா. உறுதின்னு வந்துடுத்து" என்று ஸ்ம்ருதி நாற்காலியை விட்டு எழுந்துவிட்டாள்.

வெள்ளையம்மாள் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு வாய்விட்டு அழுதாள். ஜெராக்ஸ் எடுக்க வந்தவர்கள் பார்த்தார்கள், பார்க்கட்டுமே.

"அம்மா" என்றாள் பவித்ரா. "கஸ்டமர் கால் நடுவுல எழுந்து ஓடிட்டேன்னு சூப்பர்வைசர் பக்கத்துலயே நிக்கறாரு. நாளையிலிருந்து வர வேண்டாமாம்."

சொல்லிவிட்டுச் சிரித்தாள். வேலை போனதைச் சிரித்துக்கொண்டே சொன்ன முதல் ஆள், அந்தக் குடும்பத்தில் அவள்தான்.